மடி மட்டும் இருக்குறவன்

என்னங்கடா, வரிசையா உக்காந்து பல்ல இளிக்கிறீங்க? உங்கள்ல ஒருத்தனுக்காவது மொத மொட்ட போட்டது ஞாபகம் இருக்கா? இருக்காது. மூக்கு ஒழுகி, வாய் கோணி, தலையில சந்தனத்த அப்பி, தோலுரிச்ச அவிச்ச முட்ட கணக்கா ஒரு போட்டோ மட்டும் வீட்ல தொங்கும். பொண்ணு வீட்டுக்காரங்க வந்தா உங்க அம்மா டீய வைக்கிறதுக்கு முன்னாடி அதத்தான் எடுத்துக் காட்டும். அந்தப் போட்டோவுல உங்கள மடியில வச்சுக்கிட்டு, என்னமோ நாட்டையே பிடிச்சுட்ட மாதிரி நெஞ்ச நிமித்தி ஒருத்தன் உக்காந்திருப்பான் பாருங்க, அவன் மூஞ்சிய என்னைக்காவது உத்துப் பாத்துருக்கீங்களா? எங்க பாப்பீங்க. சொந்த மூஞ்சிய செல்லுல பாத்துப் பாத்தே தேச்சுப்புட்ட பயலுகளாச்சே நீங்க. அவன்தான் தாய்மாமன். இந்தக் கத அப்படி ஒரு மாமனப் பத்தி. சிரிக்கிறத எல்லாம் இப்பவே சிரிச்சுக்கங்க, பின்னாடி எடம் கெடைக்காது.

கார்மேகம் உக்காந்திருந்தது பொட்டல் கருப்பு கோயில்ல, முடி எறக்குற தகரக் கொட்டகையில. தகரம் காஞ்சு மண்டைக்கு மேல தோசக்கல்லக் கவுத்து வச்ச மாதிரி இருந்துச்சு. கீழ தரையெல்லாம் தண்ணி, தண்ணியெல்லாம் முடி. கருப்பு முடி, செம்பட்ட முடி, யாரோ ஒரு கெழவரோட நரச்ச முடி, பச்சப்புள்ளயோட பூன முடி, எல்லாம் ஒண்ணோடொண்ணு சிக்கி, சோப்பு நுரையக் கட்டிக்கிட்டு, அவன் கால் விரலுக்கு நடுவுல நொழஞ்சு நொழஞ்சு வெளிய வந்துச்சு. ஒரு தடவ விரல மடக்கிப் பாத்தான். முகந்தெரியாத ஒருத்தன் உச்சிய காலால பிடிச்ச மாதிரி இருந்துச்சு. ஏற்கனவே சட்ட வேற நாறுது. வர்ற வழியில ஷேர் ஆட்டோவுல தும்பி அவன் நெஞ்சுலயே பாலக் கக்கிட்டா. தும்பி அவன் அக்கா பொன்னழகோட மக, நாலு வயசு. சாதியும் தெரியக்கூடாது, சாமியும் தெரியக்கூடாது, ஆணா பொண்ணான்னுகூடத் தெரியக்கூடாது, பறக்கும்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்னு மச்சான் தேடித் தேடி வச்ச பேரு. அந்தத் தும்பிதான் இப்ப அவன் மடியில உக்காந்து, முதுக அவன் வயித்துல சாச்சு, முன்னாடி நடக்குறத எல்லாம் பாத்துக்கிட்டு இருந்தா. பயமில்லாம பாத்தா. அதுதான் அவனுக்கு என்னமோ பண்ணுச்சு. மத்த புள்ளைங்க எல்லாம் கொட்டகைக்குள்ள காலு வைக்கும்போதே ஓன்னு அழுதுச்சுங்க. இவ மட்டும் மிருகக்காட்சி சாலைக்கு வந்த மாதிரி. "மாமா, இது யாரு முடி?" "ஊர்ல உள்ளவங்க முடி." "ஏன் கீழ போட்டுருக்காங்க?" "வீட்ல வைக்க எடமில்ல." சிரிச்சா. இவன் சொன்னா எதுக்கும் சிரிப்பா. அவ அப்பாகிட்ட இதே கேள்வியக் கேட்டிருந்தா அவரு முடின்னா என்ன, அது எப்படி வளருது, அத எதுக்கு மனுசன் குடுக்குறான், மொதமொத குடுத்தவன் யாருன்னு ஆரம்பிச்சு, புள்ள தூங்குற வரைக்கும் சொல்லியிருப்பாரு. கேள்வின்னு ஒண்ணு கேட்டா பதில் சொல்லணும், அது அந்த வீட்டுச் சட்டம். இவன் சட்டத்த மதிக்கிறவன்தான். பதிலுக்குப் பதிலா ஜோக்கு சொல்லுவான், அவ்வளவுதான்.

அக்காவும் மச்சானும் திருச்சியில இருக்காங்க. மச்சான் எழிலன் அங்க ஒரு மாநாட்டுல பேசுறாரு. தலைப்பு என்னன்னு நெனைக்கிறீங்க? 'மதமில்லா மழலை'. வேன்ல போனா புள்ள வாந்தியெடுப்பான்னு இவன்கிட்ட விட்டுட்டுப் போயிருக்காங்க. இவன்கிட்ட! வேற யாரும் கெடைக்கலையாடான்னு கேக்கத் தோணுதுல்ல? அங்கதான் அவங்க ஏமாந்தாங்க. சாமியக் கிண்டல் பண்றவன் எல்லாம் தன் கட்சின்னு மச்சான் நெனச்சுட்டாரு. கார்மேகம் சாமிய மட்டுமா கிண்டல் பண்ணான்? காலேஜக் கிண்டல் பண்ணான், ரெண்டாவது வருசத்துல வெளிய வந்தான். சாப்பாடு டெலிவரி பண்ற கம்பெனியக் கிண்டல் பண்ணான், அங்க இருந்தும் வெளிய வந்தான். அவன் வாய்க்கு சாமியும் ஒண்ணு, சப்-இன்ஸ்பெக்டரும் ஒண்ணு. ஆனா மச்சான் அதக் கொள்கைன்னு எடுத்துக்கிட்டாரு. போன வருசம் அவங்க இயக்கத்துல ஒரு ஊர்வலம். முதுகுல கொக்கி மாட்டி, கயித்தக் கட்டி, அம்பாசிடர் காரு ஒண்ண இழுத்துக் காட்டணும். சாமி சக்தியெல்லாம் ஒண்ணுமில்ல, யாரு வேணும்னாலும் இழுக்கலாம்னு ஊருக்குக் காட்டுறது. இழுக்க வேண்டியவரு அன்னைக்குக் காய்ச்சல்னு படுத்துட்டாரு. "மாப்ள, நீ இழுக்குறியா"ன்னாரு மச்சான். இழுத்தான். "கடவுள் இல்லை, கடவுள் இல்லை"ன்னு பின்னாடி கத்துறாய்ங்க, இவனுக்குப் பல்லு கிட்டுது, தோலு பிச்சுக்கிட்டு வருது. முடிச்சுட்டு மைக்கக் குடுத்தாங்க. "தோழர்களே, சாமி இருந்து இழுத்தாலும் இல்லாம இழுத்தாலும் முதுகு எனக்குத்தான் வலிக்குது"ன்னான். கை தட்டு அடங்கவே இல்ல. மச்சான் கண்ணுல தண்ணி. அவரு அத வீரம்னு நெனச்சாரு. அங்க நின்ன கூட்டத்துல பாதி பேரு அடுத்த வாரம் தீச்சட்டி எடுத்த அவங்க மாமியாருக்குப் பின்னாடி கொடை பிடிச்சுக்கிட்டுப் போனத இவன் கண்ணால பாத்தான். அதையும் கிண்டல் பண்ணான். எல்லாரும் சிரிச்சாங்க. வெக்கப்பட வேண்டியவனும் சேந்து சிரிச்சான். எல்லாமே ஒரே சாக்கடதான், பக்கத்துல பக்கத்துல வேற வேற பேருல மூடி போட்டு வச்சிருக்காய்ங்கன்னு அவனுக்கு அப்பத் தோணுச்சு. இப்பவும் தோணுது. வெளிய ஆட்ட அறுத்த எடத்துல மொய்ச்ச ஈ, அங்க இருந்து பறந்து வந்து இங்க ஒரு கொழந்தையோட வெட்டுக்காயத்துல உக்காருது, அங்க இருந்து பொங்கச் சட்டிக்குப் போகுது. பூசாரி அதே பொங்கல வழிச்சு எலையில வைக்கிறாரு. ஈ மட்டுந்தான் இந்தக் கோயில்ல எல்லா எடத்துலயும் சமமா மரியாத வாங்குதுன்னு நெனச்சான். நல்ல ஜோக்கு. சொல்லத்தான் பக்கத்துல ஆளில்ல.

அப்பா சோலைமலை கொட்டகைக்கு வெளிய வெயில்ல நின்னாரு. ஒரு கையில தேங்காப் பை, ஒரு தோள்ல புதுத் துண்டு, மூஞ்சியெல்லாம் வேர்வ. மகளுக்குத் தெரியாம வந்திருக்கோம்ங்கிற பயம் அவரு நிக்கிறதுலயே தெரிஞ்சுச்சு, ஆடு திருட வந்தவரு மாதிரி. காலையில கதவத் தட்டுனவரு உள்ளகூட வரல. "கார்மேகம், இன்னைக்கு விட்டா இனி முடியாதுடா. புள்ளையத் தூக்கிட்டு வா." இவன் "அக்கா கொன்னுருவாப்பா"ன்னான். அதுக்கு அவரு சொன்னதுதான் இன்னும் பல்லுல மாட்டுன நாரு மாதிரி கெடக்கு. "நீதான்டா கூப்பிட்ட. கூப்பிட்டவன் போய் நிக்க வேணாமா?" கூப்பிட்டான். அது பொய்யில்ல. தும்பிக்கு ரெண்டு வயசு இருக்கும்போது ஒரு மத்தியானம், அக்கா ஆபீஸ்ல, மச்சான் வகுப்புல, இவன் புள்ளைய மடியில போட்டு செல்லு பாத்துக்கிட்டு இருந்தான். லேசா உடம்பு சுட்டுச்சு, அவ்வளவுதான். திடீர்னு புள்ள வெட்டி வெட்டி இழுக்குது. கண்ணு மேல போயிருச்சு, வெள்ள மட்டும் தெரியுது, வாயோரம் நொர, கையி காலெல்லாம் கட்ட மாதிரி. அன்னைக்கு இவன் வாயில என்ன வந்துச்சு? ஜோக்கா வந்துச்சு? "கருப்பா, கருப்பா, என் தாயே, கருப்பா"ன்னு கத்துனான். கருப்பன் எப்படிடா தாயாவான்னு இப்பக் கேக்கலாம், அப்ப அதுதான் வந்துச்சு. அந்த நேரம் பாத்து மகளப் பாக்க வந்த அப்பா வாசல்ல நின்னு கேட்டுட்டாரு. கொஞ்ச நேரத்துல புள்ளைக்கு இழுப்பு நின்னுச்சு. அப்பாவுக்குக் கருப்பு நிப்பாட்டுச்சு, அதுக்கு ஒரு மொட்ட பாக்கி. மச்சான் வந்து, மூச்சு வாங்கிக்கிட்டே, "காய்ச்ச வலிப்பு மாப்ள, சின்னப் புள்ளைங்களுக்கு வரும், தானா நிக்கும், ஒருக்களிச்சுப் படுக்கப் போட்டிருக்கணும்"னாரு. ரெண்டு பேருக்கும் சந்தேகமே இல்ல. ரெண்டு பேரும் அப்படி ஒரு தெளிவா இருந்தாங்க. அதப் பாக்கத்தான் அவனுக்கு அருவருப்பா இருந்துச்சு. ரெண்டு பேரு கையிலயும் அப்பப் புள்ள இல்ல. இவன் கையிலதான் இருந்துச்சு. அந்தக் கனம், அந்த வெறப்பு, செத்த மீன் மாதிரி அந்தக் கண்ணு. இவனுக்கு மட்டும் எதுவும் தெளிவா இல்ல. கூப்பிட்டது சாமியவா, இல்ல காலுல கல்லு இடிச்சா 'அம்மா'ங்கிறோமே அந்த மாதிரியா? அம்மான்னு கத்துனவன் எல்லாம் வீட்டுக்குப் போய் அம்மாவுக்குச் சேல எடுத்தா குடுக்குறான்? அதுக்கப்பறம் அவன் அடிக்கடி நெனச்சது ஒண்ணு. இவனுக்கு அன்னைக்குக் கத்த ஒரு பேரு இருந்துச்சு. பொய்யோ புளுகோ, வாயில தயாரா கெடந்துச்சு. தும்பிக்கு? நாளைக்கு அவளுக்கு ஒரு பயம் வந்தா எதச் சொல்லிக் கத்துவா? பாரசிட்டமால்னா?

வரிசை ஒரு ஆளு நகந்துச்சு. முன்னாடி ஒரு ஆம்பளப் பையன், மூணு வயசு இருக்கும், அவன் மாமன் அவன் ரெண்டு காதையும் பொத்துற மாதிரி தலைய அமுக்கிப் பிடிச்சிருக்கான், பையன் அழுத அழுகையில மூக்குச்சளி வாய்க்குள்ள போய் மறுபடி குமிழா வெளிய வருது. முடி எடுக்குறவரு அதே பிளாஸ்டிக் மக்குல இருந்து தண்ணிய எடுத்துத் தலையில ஊத்துறாரு. போன புள்ளையோட முடி அந்த மக்கு ஓரத்துல ஒட்டிக்கெடக்கு. தும்பி கேட்டா, "மாமா, அந்த அண்ணன் ஏன் அழுவுறாங்க?" "தண்ணி ஜில்லுன்னு இருக்குதாம்." "வேணாம்னு சொல்லலாம்ல?" இன்னைக்கு மொத தடவையா இவனுக்கு ஜோக்கு வரல. அந்த வீட்ல இன்னொரு சட்டம் இருக்கு. புள்ள உடம்பத் தொடுறதுன்னா புள்ளையக் கேக்கணும். குளிப்பாட்டலாமா, சீவலாமா, முத்தம் குடுக்கலாமான்னு அக்கா கேப்பா. மொதல்ல கேட்டப்ப இவனுக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. "ஏன்க்கா, ஆய் கழுவுறதுக்கும் மனு போடணுமா?" அக்கா மொறச்சா. "சிரிடா. என்னைய யாரும் கேட்டதில்ல. காதுல ஓட்ட போடும்போது கேட்டாங்களா, வயசுக்கு வந்தப்ப ஊரக் கூட்டி ஒலக்கைக்கு அந்தப் பக்கம் உக்கார வச்சாங்களே, அப்பக் கேட்டாங்களா? இவ ஒருத்தியையாச்சும் கேட்டு வளப்போம்." அக்கா சாமி இருக்கா இல்லையான்னெல்லாம் பேசுறதே இல்ல, அது மச்சான் டிபார்ட்மெண்ட். அவளுக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு, மக வேணாம்னா அது நிக்கணும். ஒருநா இவன் தும்பிக்குக் கிச்சுக்கிச்சு மூட்டுனான். சிரிச்சு சிரிச்சு நடுவுல "வேணாம்"னா. இவன் கைய எடுத்துட்டான். சும்மாதான் எடுத்தான், கை வலிச்சுது. அவ எந்திரிச்சு ஓடிப்போய் அடுப்படியில நின்ன அக்காகிட்ட, "அம்மா, மாமாவுக்கு வேணாம்னா தெரியுது"ன்னா. பெருமையா. பரிச்சையில பாஸானவனப் பத்தி வாத்தியாரு சொல்ற மாதிரி. கார்மேகம் வாழ்க்கையில பாஸான ஒரே பரிச்ச அது.

அதுக்காக அந்த வீட்டப் பத்திப் பெருசா நெனச்சுக்காதீங்க. அங்கயும் நாத்தம் உண்டு. கூடத்துல தலைவர் படம் ஒண்ணு, சந்தன மாலை போட்டு. ஒருநா தும்பி அதுக்கு முன்னாடி கண்ண மூடிக் கைகூப்பி நிக்கிறா. பக்கத்து வீட்ல பாத்துட்டு வந்திருக்கா, மாலை போட்டிருந்தா கும்பிடணும் போலன்னு. மச்சான் பதறிட்டாரு. புள்ளைக்கு மூணு நாலு தடவ விளக்குனாரு. மாலைய மட்டும் கழட்டல. இன்னொரு நாளு தும்பி, பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட "உங்க சாமி வெறும் பொம்ம"ன்னு சொல்லி, அந்தப் பய இவ கையக் கடிச்சு வச்சுட்டான். மச்சான் அத இயக்கத்துல கதையாச் சொன்னாரு, மக சிறை போன மாதிரி. கடிபட்டது யாரு? சரஸ்வதி பூசைக்குப் பள்ளிக்கூடத்துல எல்லாப் புள்ளையும் நெத்தியில பொட்டோட பொரிய வாங்கித் தின்னுதுங்க. இவ மட்டும் ஓரமா நின்னா. கூப்பிடப் போன இவன்தான் பாத்தான், தனியா நின்னு, மத்த புள்ளைங்க வாய் அசையிற மாதிரியே இவளும் வாய அசைச்சுக்கிட்டு இருந்தா, உள்ள ஒண்ணும் இல்லாம. அந்த வெறும் வாயப் பாத்துட்டுத்தான் அன்னைக்கு ரோட்டுல பொரி வாங்கிக் குடுத்தான். வீட்ல சொல்லாதன்னான். அவ சொல்லிட்டா. அந்த வீட்ல யாரும் எதையும் மறைக்கக்கூடாது. அப்பா பக்கம் போனா ரத்தமும் ஈயும், மச்சான் பக்கம் போனா வெறும் வாயி. நடுவுல இவன் ஒருத்தன், ரெண்டு பக்கமும் துப்பத் தெரிஞ்சவன், நிக்க ஒரு எடம் இல்லாதவன்.

இல்ல, அது பொய். எடம் இல்லன்னு இன்னைக்குச் சொல்ல முடியாது. இன்னைக்குக் காலையில இருந்து எடம் இருக்கு. அதத்தான் அவன் நெனைக்காம இருக்கப் பாத்தான், அது ஈ மாதிரி திரும்பத் திரும்ப வந்து உக்காந்துச்சு. கோயில் வாசல்ல எறங்குன ஒடனே பூசாரி கேட்டாரு, "மாமன் யாரு?" அப்பா, "இந்தா, எம் மகன்"னாரு. எம் மகன்னு அந்த ஆளு இப்படி நெஞ்ச நிமித்திச் சொல்லி எத்தன வருசமாச்சு. கல்யாண வீடுகள்ல எல்லாம் "பையன் என்ன பண்றான்"னு எவனாவது கேட்டா, செருப்பத் தேடுற மாதிரி குனிஞ்சுக்குவாரு. இங்க யாரும் என்ன பண்றான்னு கேக்கல. "மாமனுக்கு வழி விடுங்க"ன்னாய்ங்க. விட்டாய்ங்க. பூசாரி கழுத்துல மாலையப் போட்டாரு, தலையில துண்டக் கட்டுனாரு. செவ்வந்தி நாறுன நாத்தத்துல, கக்குன பாலு நாத்தத்துல, மாலைக்குள்ள இருந்து எறும்பு கழுத்துல ஊறுன ஊறல்ல, அவனுக்குள்ள ஒண்ணு குளுந்துச்சு. சீன்னு இருந்துச்சு. ஆனாலும் குளுந்துச்சு. மச்சான் வீட்ல இவன் யாரு? புள்ளையப் பள்ளிக்கூடத்துல விடுறவன், கேஸ் சிலிண்டர் வந்தா எறக்கி வைக்கிறவன், கூட்டம்னா சிரிப்புக் காட்டுறவன். மரியாதைக்குக் கொறச்சல் இல்ல, "மாப்ள சாப்டியா"ன்னு கேக்காம மச்சான் கை கழுவ மாட்டாரு. ஆனா அங்க இவன் இல்லாட்டி ஒரு ஆயாவ வச்சா முடிஞ்சுபோச்சு. இங்க அப்படி இல்ல. டாக்டர் வந்தாலும் கலெக்டர் வந்தாலும் இந்த மடிக்குப் பதிலு வேற மடி கெடையாது. படிப்பில்ல, வேலையில்ல, மீச ஒழுங்கா வளரல, ஆனா மடி இருக்கு. அக்கா கூடப் பொறந்ததுனால வந்த மடி. அதுக்குப் பரிச்ச இல்ல, இன்டர்வியூ இல்ல. அட கேவலம் பிடிச்சவனே, ஒரு மாலைக்காடான்னு அவனே அவனக் கேட்டான். கேட்டுட்டு மாலைய நேரா இழுத்து விட்டுக்கிட்டான்.

"அடுத்த ஆளு"ன்னாரு முடி எடுக்குறவரு. கண்ணு தூக்கமில்லாம செவந்து கெடந்துச்சு. பழைய பிளேட எறிஞ்சுட்டுப் புதுசு ஒண்ண ஒடிச்சு கத்தியில மாட்டுனாரு. மக்குத் தண்ணிய தும்பி தலையில ஊத்துனாரு. தும்பிக்குச் சுருட்ட முடி, தோள் வரைக்கும், அக்கா தெனமும் கேட்டுக் கேட்டுச் சீவுற முடி. நனஞ்சதும் நெத்தியில ஒட்டி, அவ மூஞ்சி சின்னதா, வேற யாரோ மாதிரி ஆயிருச்சு. அவ திரும்பி இவனப் பாத்தா. "மாமா, எனக்குமா?" "ஆமாடா தங்கம்." "எதுக்கு?" என்ன சொல்ல? உனக்கு இழுப்பு வந்தப்ப நான் கத்துனேன், அதுக்கா? உங்க தாத்தாவுக்குத் தூக்கம் வரலன்னா? "மொட்டத்தலைக்கு ஐஸ்கிரீம் ரெண்டு குடுப்பாங்க"ன்னான். இந்தத் தடவ அவ சிரிக்கல. கத்தியப் பாத்தா. முன்னாடி போன பையனோட தலையில ரத்தம் கசிஞ்சு சந்தனத்துல எறங்குறதப் பாத்தா. அப்பறம் நல்லா நிமிந்து உக்காந்து, அவ வீட்ல சொல்லிக் குடுத்த மாதிரி, அழாம, சத்தமா, அந்த ஆளு கண்ணப் பாத்து, "எனக்கு வேணாம்"னா. சொல்லிட்டு முதுக மறுபடி அவன் வயித்துல சாச்சுக்கிட்டா. சொன்னா நின்னுரும்னு அவளுக்குத் தெரியும். நாலு வருசமா நின்னுருக்கு. முடி எடுக்குறவரு கத்தியத் தூக்கிக்கிட்டு இவனப் பாத்தாரு. "என்ன தம்பி, பாப்பா வேணாங்குது? என்ன செய்ய, சொல்லுங்க. பின்னாடி ஆளு நிக்குது." கொட்டகை ஓரத்துல நின்ன அப்பா உள்ள வந்துட்டாரு. பேத்தி சொன்னது அவருக்கும் கேட்டிருக்கு. அழுதிருந்தா அவரு கலங்கியிருக்க மாட்டாரு, எல்லாப் புள்ளையும் அழுகும். அழாம சொன்னது அவர என்னமோ பண்ணிருச்சு. உதட்ட நாக்கால ஈரம் பண்ணிக்கிட்டாரு. "விட்றா கார்மேகம். பூமுடி குடுத்துட்டுப் போயிருவோம். கருப்பு ஏத்துக்கும். உச்சியில ஒரு கொத்து, கத்திரியில நறுக்குனாப் போதும். புள்ள நின்னுக்கிட்டே இருக்கட்டும், எறக்கி விடு."

எறக்கி விடு. அவ்வளவுதான் சொன்னாரு. பூமுடின்னா உக்கார வேணாம். மடி வேணாம். ஒரு கொத்து முடி, யாரு வேணும்னாலும் பிடிச்சுக்கலாம், அப்பாவே பிடிச்சுக்குவாரு. அக்காவுக்குத் தெரியாமகூடப் போயிரும். எந்திரிக்கணும், மாலையக் கழட்டி ஆணியில மாட்டணும், துண்ட அவுக்கணும், வெளிய வெயில்ல போய் நிக்கணும். அடுத்த மாமன் வந்து இந்தத் திண்டுல உக்காருவான். அவனுக்கு வழி விடுங்கம்பாய்ங்க. கார்மேகம் கீழ பாத்தான். முடி, நொர, யாரோ மென்னு துப்புன தேங்காச் சில்லு. இங்க இருந்து எந்திரிக்க எதுக்குடா இவ்வளவு நேரம் ஆகுதுன்னு அவனுக்கே புரியல. கால் மரத்துப் போச்சோன்னு பாத்தான். மரத்துப் போகல. "அண்ணே, நீங்க எடுங்க"ன்னு ஒரு குரல் கேட்டுச்சு. நல்ல கனமான குரலு, பெரிய மனுசன் குரலு. அவனோடதுதான். அப்பா "டேய்"னாரு. "பேசாம இருங்கப்பா. மாமன் நான் சொல்றேன்ல." முடி எடுக்குறவரு தோளக் குலுக்கிட்டு, "அப்பத் தலைய இறுக்கிப் பிடிங்க, ஆடுனா வெட்டிரும்"னாரு. கார்மேகம் ரெண்டு கையாலயும் பிடிச்சான். ஈர முடிக்கு அடியில மண்ட ஓடு சூடா, சின்னதா, தேங்கா மாதிரி இருந்துச்சு. ஒரு பக்கம் கன்னத்த அவன் உள்ளங்கையில அமுக்குனான். தும்பி ஒரு தடவ ஒடம்ப முறுக்குனா. "வேணாம்"னா. மறுபடி "வேணாம்"னா, அவனுக்குக் காது கேக்கலையோன்னு நெனச்சவ மாதிரி, இன்னும் கொஞ்சம் சத்தமா. கத்தி உச்சியில பட்டுச்சு. சர்ருன்னு ஒரு சத்தம். அப்பத்தான் அவளுக்குப் பயம் வந்துச்சு. அப்பத்தான் கத்துனா. "மாமா! மாமா! மாமா!"ன்னு கத்துனா. காப்பாத்தச் சொல்லிக் கத்துனா. யாருகிட்ட இருந்து காப்பாத்தணுமோ அவன் பேரையே சொல்லிக் கத்துனா. வேற பேரு அவ வாயில இல்ல. கார்மேகம் பிடிய விடல. ஆடுனா வெட்டிரும்ல.

முடிஞ்சுது. சந்தனம் தடவுனாங்க. தல வெளுத்து, நரம்பு நீலமா ஓடி, காது ரெண்டும் பெருசாத் தெரிஞ்சுச்சு. ஒரு வெட்டுகூட விழல, அவ்வளவு நல்லாப் பிடிச்சிருந்தான். முடி எடுக்குறவரே "நல்ல கை தம்பி"ன்னாரு. தும்பி அழுகைய நிறுத்திட்டா. மடியில இருந்து தானா எறங்குனா. தாத்தா கையப் பிடிக்கல, இவன் கையையும் பிடிக்கல. கொட்டகைக் கால் ஒண்ணப் பிடிச்சுக்கிட்டு நின்னா. இவன் அவ மூக்கத் தொடைக்கக் கைய நீட்டுனான். அவ சட்டுன்னு கண்ண மூடிக்கிட்டா. வேணாம்னு சொல்லல. சொல்லாம கண்ண மட்டும் மூடிக்கிட்டா, மொகத்தக் குடுத்துக்கிட்டு, என்னமும் பண்ணிக்கோங்கிற மாதிரி. அவன் நீட்டுன கை ஈரமா அப்படியே நின்னுச்சு, விரலெல்லாம் அவ முடி. ஒவ்வொண்ணா உரிச்செடுக்கப் பாத்தான், வரல. அப்ப செல்லு அடிச்சுச்சு. அக்கா. கையத் துண்டுல தேச்சுட்டு எடுத்தான். "டேய், மச்சான் பேசி முடிச்சுட்டாருடா. சாப்பாட்டு நேரம். தும்பி சாப்டாளா? என்ன ஒரே எரைச்சலா இருக்கு, எங்க இருக்கீங்க? அவகிட்டக் குடு." இவன் செல்ல தும்பி பக்கம் நீட்டுனான். "அம்மாடா." அவ செல்லப் பாத்தா, அவனப் பாத்தா, வாங்கல. அப்பா கிட்ட வந்து காதோரமா, "எம் மேல சொல்லிருடா. கெழவன் வந்து தூக்கிட்டுப் போயிட்டான்னு சொல்லு. நான் பாத்துக்கிறேன். எனக்கு என்ன ஆகப்போகுது"ன்னாரு. அவரு மூஞ்சியில பரிதாபமா ஒரு இளிப்பு, மகனுக்காக. சொல்லிரலாம். அக்கா நம்புவா. ஜோக்கு ஒண்ணும் சேத்துச் சொன்னா மச்சான்கூட நம்புவாரு. "ஏய், லைன்ல இருக்கியா? எங்கடா இருக்கீங்க?"

"கோயில்லக்கா. தும்பிக்கு மொட்ட போட்டாச்சு." அக்கா அவசரமாக் கேட்டா. "யாரு... அப்பாவா? அப்பா வந்தாரா?" "வந்தாரு. ஆனா அவரு வேணாம்னாரு, பூமுடி போதும்னாரு. தும்பியும் வேணாம்னாக்கா. அழாம, நல்லாக் கேக்குற மாதிரி சொன்னா. கத்தி பிடிச்சவருகூட நிறுத்திட்டு என்னையக் கேட்டாரு. நாந்தான் எடுங்கன்னேன். நாந்தான் தலைய அமுக்கிப் பிடிச்சேன். சாமிக்காக இல்ல, ஒரு மயிருக்காகவும் இல்ல. மாமன்னு மாலை போட்டு உக்கார வச்சாய்ங்க. எந்திரிக்க மனசு வரலக்கா."